பதினோரு புளியங்கொட்டை

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என் தம்பி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சமையலறைக்குள் நுழைந்தான் என்றால் மறுநாள் மாட்ச் என்று அர்த்தம்.

"அக்கா, 16 பேர் இருக்காங்க. 11 பேர்தான் இறங்கணும். தலை சுத்துது."

"தலை சுத்தினா முதல்லே சாப்பிடு" என்றேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கே அவன்தான் கால்பந்து வாத்தியார். பகலில் தொழிற்சாலை வேலை, சாயங்காலம் பையன்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. திட்டு உண்டு. அதில் பாதி என்னுடையது. இந்த வருஷத்துப் போட்டிகளில் எங்கள் பையன்களுக்கு முதல் ஆட்டம் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு.

நான் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து 11 கொட்டைகளை எண்ணி எடுத்துத் தரையில் பரப்பினான். கோலுக்கு ஒன்று, பின்னால் நான்கு, நடுவில் நான்கு, முன்னால் இரண்டு. மிச்சம் ஐந்து கொட்டை தட்டிலேயே கிடந்தன. அவற்றைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போலிருந்தது.

மெல்போர்னில் இருக்கும் என் கொழுந்தனார் போனில் ஒரு சமாசாரம் சொல்வதுண்டு. அங்கே ஆஸ்திரேலியர்களுக்கென்றே ஒரு கால்பந்து. 1859-ல் விதி எழுதி வைத்த ஆட்டமாம். கிரிக்கெட் மைதானத்தில் ஆடுகிறார்கள். பந்து கோழி முட்டை மாதிரி நீளம், கையாலும் குத்தலாம். ஒரு பக்கத்துக்கு 18 பேர்! அந்த ஆட்டமாக இருந்தால் எங்கள் 16 பேரும் இறங்கலாம், போதாததற்குத் தெருவிலிருந்து இரண்டு பேரை இழுத்துக்கொண்டும் வரலாம் என்று நினைத்துக்கொண்டேன். தம்பியிடம் சொல்லவில்லை, அவன் சிரிக்கும் நிலைமையில் இல்லை.

நடுவிலும் முன்னாலும் நிற்க ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பக்கத்து வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.யின் நடுக்களத்தில் ஆடினார். 2018-ல் அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அதற்கப்புறம் எந்தப் பையனைக் கேட்டாலும் "நான் நடுவிலே" என்பான். சிரமம் ஓரங்களில்தான். எங்கள் பையன்கள் பழகியது குறுகின இடத்தில். 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் கல் கைகள் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து அலையோடு வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. மெரீனா அகலமாயிற்று, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் குவியல். அதில் எங்கே பந்து உருட்டுவது? சந்தில் ஆடி வளர்ந்த கால்கள் கெட்டிக்காரக் கால்கள்தான். ஆனால் பந்தைக் கண்டால் ஈ மாதிரி மொய்த்துவிடுவார்கள். மறுநாள் ஆட்டமோ 100 மீட்டர் மைதானத்தில். ஓரத்துக்காரன் பந்து வரும்வரை பொறுமையாக ஓரத்திலேயே நிற்க வேண்டும். "பேசாத பையன்கள் ரெண்டு பேரை ஓரத்திலே போடு" என்றேன். தம்பி யோசித்துவிட்டு இரண்டு கொட்டைகளை மாற்றி வைத்தான்.

கடைசியாகக் கோல். அந்தக் கொட்டையை மட்டும் விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

கோல்கீப்பர் என் மகன். இரண்டு வருஷமாக அவன்தான். சீட்டுப் பணத்தில் அவனுக்கு ஒரு ஜோடி கையுறைகூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தெருவில் அந்த ஒரு ஜோடிதான். இன்னொரு பையன் இருக்கிறான். அவன் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் தெருவில் விற்கிறாள். நான் வாங்குவதும் அவளிடம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய வியாபார நாள் அல்லவா? பையன் விடிவதற்கு முன்பே அம்மாவோடு போய்விடுவான். மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு வரவில்லை.

"பயிற்சிக்கு வராதவன் ஆடக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன்" என்றான் தம்பி.

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "அப்புறம் என்ன? சட்டம் சட்டம்தானே!"

நானும் வாயை மூடிக்கொண்டு புளியைப் பார்த்திருக்கலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் ஆட்டத்தை நான் சும்மா பார்க்கிறவள் இல்லையே! என் மகன் பந்தைப் பிடித்தால் சாமி படத்தைப் பிடித்த மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நாலு திசையும் பார்ப்பான். 2025-ல் விதியை மாற்றிவிட்டார்கள். கோல்கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிர்க்கட்சிக்குக் கார்னர். அந்தப் பையனோ பிடித்த மறுகணம் வீசிவிடுவான். ஐஸ் பெட்டியை ஆளுக்கு ஆள் மாற்றி எறிந்த கை. உயரப் பந்துக்கு அவன் கண்ணை மூடுவதும் இல்லை.

"அவன் சோம்பேறித்தனத்துக்கா வரலே?" என்றேன்.

தம்பி தலையை ஆட்டினான்.

"அப்போ உன் சட்டம் அவனுக்கில்லே."

வீட்டுக்காரர் கூடத்தில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். பெற்ற தாயா இப்படி என்று அர்த்தம்.

அதோடு தீரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவன் அம்மா விட வேண்டுமே! தம்பி கேட்டால் வாத்தியார் அதிகாரம் போலிருக்கும். நானே போன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஏலம் முடிஞ்சதும் ஆட்டோவிலே ஏத்தி அனுப்பிடறேன் அக்கா. கூடையை நான் தூக்கிக்கறேன்" என்றாள். ஒரு நாள் கூலியாள் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

மகனிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பினேன், வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ!

"மாமா சொன்னாரா, நீ சொன்னியா?" என்று கேட்டான்.

"நான்தான்டா சொன்னேன்."

ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்தான். தோசையைத் தொடவில்லை. பிள்ளை பட்டினியாகத் தூங்குகிறானே என்று எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை. தம்பி மட்டும் ஆறு தோசை தின்றான். வாத்தியார்களுக்குக் கவலை விட்டால் பசிதான் போலும்!

காலையில் எழுந்தபோது ஷின் கார்டுகளைக் கொடியில் கண்டேன்; கையுறையைக் காணோம். முழங்காலுக்குக் கீழே கட்டும் அந்தக் காப்பு இல்லாமல் ரெபரி யாரையும் இறக்கமாட்டார். கையுறைக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை, வெறுங்கையோடு நிற்கலாம். ஒளித்து வைத்துவிட்டானோ என்றுதான் நினைத்தேன். வைத்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

மைதானத்தில் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. கால் சட்டையெல்லாம் செதிளோடு அந்தப் பையன் குதித்து ஓடி வந்தான். என் மகன் பையிலிருந்து கையுறையை எடுத்து அவனிடம் நீட்டினான். "இடது கை பட்டி லூசு. பல்லாலே இழுத்துக் கட்டு" என்றான். அவ்வளவுதான். பிறகு ஆட்டம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் 1-1. நாலு பந்து தடுத்தான் அந்தப் பையன். ஒன்று காலுக்கிடையில் போயிற்று. வீட்டுக்காரர் மாலையில் அதைச் சொல்லிக் காட்ட ஆரம்பித்தார். "அது யார் நின்னிருந்தாலும் போயிருக்கும்ப்பா" என்றான் மகன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். மூன்றாவது தோசை.

கையுறை ராத்திரியே திரும்பி வந்தது. அவன் அம்மா சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். நானும் ஒரு தரம் துவைத்துக் கொடியில் போட்டேன். வாரம் ஒன்றாகிறது, இன்னும் மீன் வாசனை போகவில்லை.