கோயிலிலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர்

மாடம்பாக்கத்தில் இடம் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, தண்ணீர் எப்படி என்று. அடுத்ததாகக் கேட்பது, கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று. பக்தியால் கேட்பதில்லை. தேனுபுரீஸ்வரர் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 1992ல் அறிவிக்கையாக வந்த இந்தத் தூரக் கணக்கு, 2010ல் சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. என் வீடு இரண்டாவது வளையத்துக்குள் இருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிண்டி தொழிற்பேட்டையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பழைய இடங்களைக் காட்டுவது என் வேலை. சம்பளம் கிடையாது. சமூகத் தொண்டு என்று சிலர் சொல்கிறார்கள். உண்மை என்னவென்றால், வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் குறைந்தது, தெருவில் ஆள் கிடைத்தது. கைதட்டல் எனக்குப் பிடிக்கும். ஒரு இளைஞர், "சார், இத்தனை வருஷமா இந்தப் பக்கம்தான் போறேன், இது தெரியாதே" என்று சொன்னால் அன்று மதியச் சாப்பாடு தனி ருசிதான்.

காட்டுவதற்கு இங்கே விஷயமும் உண்டு. பல்லாவரத்தில் படைப்பிரிவின் அணிவகுப்பு மைதானத்தில், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஊர்க் குன்றில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் இன்று தர்காவாக இருக்கிறது. தூண்களுக்கு மேலே பல்லவனின் விருதுப் பெயர்கள், உள்ளே ஊதுபத்திப் புகை. தாம்பரம் சானடோரியம் 1928ல் டேவிட் சௌரிமுத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937ல் கிறித்தவக் கல்லூரி நகரத்துக்குள்ளிருந்து சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. அந்த வளாகத்தின் மரங்களில் பலவற்றை முன்னின்று நட்டவர்கள் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியரும் அவர் மனைவியும். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த குரோம் தோல் தொழிற்சாலையைப் பற்றி மட்டும் ஒரு காலைப்பொழுது பேசுவேன். அன்றைக்குக் கூட்டம் குறைவாகத்தான் வரும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஓட்டை மின்விசிறி முதல் வாத்துக்குஞ்சு வரை விற்கிற அந்தச் சந்தையும் ஒரு மரபுச் சின்னம்தான். அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

இந்த வேலைக்கு எங்கள் எல்லோருக்கும் வாத்தியார் எஸ்.முத்தையா. பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் பத்திரிகையாளராக இருந்து, 1968ல் சென்னைக்கு வந்தவர். 1991ல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழைத் தொடங்கினார். 2004ல் நண்பர்களோடு சேர்ந்து மெட்ராஸ் தினத்தைக் கொண்டாட வைத்தார். 2019ல் காலமாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். கடற்கரைச் சாலையில் காவல்துறைத் தலைமை அலுவலகம் இருக்கும் 1839ஆம் வருடத்துக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட 1990களில் அரசு நினைத்தபோது, எதிர்ப்பும் நீதிமன்றமும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. இன்றைக்கு அந்த வெள்ளைத் தூண்களைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் போகிறோம். முதலில் கதையைச் சொல், மனுவை அப்புறம் கொடு என்பதுதான் முத்தையா நடந்து காட்டிய வழி. நானும் அந்த வழியில்தான் நடந்தேன்.

ஆனால் கடற்கரைச் சாலைக்கும் மாடம்பாக்கத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பழைய கட்டடத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் அரசு, இல்லாவிட்டால் பெரிய நிறுவனம். அவர்களை எதிர்த்து எழுதலாம், வழக்குப் போடலாம். நியாயம் யார் பக்கம் என்பதில் குழப்பம் இருக்காது. இங்கே பழைமையைச் சுற்றி இருப்பது அரை கிரவுண்டு மனைகள், வங்கிக் கடன், ஓய்வூதியப் பணம். பல்லாவரத்தில் குன்றுச் சரிவுகளில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அலெக்சாண்டர் ரீ அங்கேதான் சுடுமண் ஈமப்பேழையை எடுத்தார். அந்தக் குன்றைச் சுற்றி வீடு கட்டியவர்களிடம் 'தொல்லியல்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். மாடி எடுக்க முடியவில்லை, வங்கி கடன் தரத் தயங்குகிறது, விற்கப் போனால் விலை இல்லை. இவர்கள் யாரும் ஃபூட்டின் கல்லுக்கு விரோதிகள் இல்லை.

இது எனக்குப் புத்தியில் தெரிந்த விஷயம்தான். மண்டையில் உறைத்தது மகனால். அவனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும் மாடி எடுக்கலாம் என்றான். நான் சட்டத்தை விளக்கினேன், ஞாயிறு நடையில் விளக்குகிற அதே குரலில். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமை வர்றவங்கெல்லாம் பாத்துட்டு அவங்கவங்க ஃப்ளாட்டுக்குப் போயிடுறாங்க. இந்தக் கோயிலுக்கு வாடகை கட்டுறது நாமதானே?" என்றான். பதில் சொல்லாமல் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் என் தொழில் எனக்கு உதவியது. தெரு வழியாக நடந்தால் கோயில் நானூறு மீட்டர். ஆனால் சட்டம் நேர்கோட்டில் அளக்கிறது. அதுவும் கோபுரத்திலிருந்து அளப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்கிறது. எல்லை எங்கே முடிகிறது, மதிலோடா, அதற்கு வெளியேயா? தெருவில் கேட்டால் ஆளுக்கொரு பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேட்டேன். புல வரைபடத்தை வாங்கி, சர்வே எண்களை ஒன்றோடொன்று பொருத்தி, டிரேசிங் தாளில் இரண்டு வளையங்களையும் வரைந்தேன். எங்கள் வீடு இருநூற்றுச் சொச்சத்தில் விழுந்தது. கட்டலாம், உயரத்துக்கு மட்டும் வரம்பு உண்டு.

விண்ணப்பம் போட்டோம். வரைபடம் போட்ட பொறியாளர் மாடியின் உயரத்தை மட்டும் காட்டியிருந்தார். அனுமதியில் சொல்லப்படும் உயரம் என்பது கைப்பிடிச் சுவர், படிக்கட்டு மேலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து. மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் உயரம் தாண்டும். அதனால் தொட்டியைத் தரைக்குக் கீழே இறக்கி, அழுத்த மோட்டார் வைத்தோம். மின்சாரம் போனால் குழாயில் தண்ணீர் வராது. மருமகள் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவாள். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

நான் வளையம் வரைந்த தாள் தெருவில் பரவிவிட்டது. கோயிலை ஒட்டி, முதல் வளையத்துக்குள் இருக்கும் ஒரு அம்மா மஞ்சள் பையோடு வந்தார். நாட்டு ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகுகிறது, பழுது பார்க்கக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "எங்க மாமனாரு அந்தக் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டவரு சார். அதே கோயிலுக்காக எங்க வீடு ஒழுகணுமா?"

ஒழுக வேண்டியதில்லை. அந்த வளையத்துக்குள் புதிதாகக் கட்டத்தான் தடை. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுது பார்க்க அனுமதி கேட்கலாம். கேள்வி, முன்பே இருந்தது என்று எப்படிக் காட்டுவது? பையைத் திண்ணையில் கவிழ்த்தோம். ரேஷன் அட்டைகள், கல்யாணப் பத்திரிகைகள், ஒரு கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகம். அவற்றுக்கு அடியில், ஓரம் கரையான் அரித்த ஊராட்சி வீட்டு வரி ரசீது, தேதி 1987. கூடவே மின்வாரியத்தின் பழைய கணக்கீட்டு அட்டை. ஊராட்சி பேரூராட்சியாகி, 2021ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் கரைந்துவிட்ட ஊரில், அந்த வீடு இருந்ததற்கு அந்தக் காகிதத் துண்டுகள்தான் சாட்சி. கோயிலின் சோழன் கல்வெட்டை எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த ரசீதைப் படித்தபோதுதான் கை நடுங்கியது.

அந்த அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது, ஓடு மாற்றினார்கள். அதன் பிறகு அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கோயில் மதிலை ஒட்டி யாரோ லாரியில் கட்டட இடிபாடுகளைக் கொட்ட வந்தபோது, தெருப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான். எனக்குத் தெரிந்ததே மறுநாள். என் மனுக்களில் பாதிக்கு இன்றுவரை பதில் வரவில்லை. லாரி அன்றைக்கே போய்விட்டது.

இந்த 100 மீட்டர் கணக்கையே எடுத்துவிட வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எடுத்துவிட்டால், தூங்கானை வடிவில் பின்புறம் வளைந்து நிற்கும் அந்த விமானத்தை அடுக்குமாடிகளின் சந்து வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் சரிவில் கிடக்கும் ஈமக்கல்லுக்கும் ஒரே அளவுகோல் என்பது சோம்பேறித்தனம். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகத் துணைவிதிகள் எழுத வேண்டும் என்று அதே 2010 சட்டத்திருத்தம் சொல்கிறது. அந்த வேலை முழுதாக நடந்தாலே பாதி வழக்கு தீரும். ஆர்வலர்களாகிய நாங்கள் கத்த வேண்டிய இடம் அதுதான். நாங்களோ பெரும்பாலும் மாடி எடுப்பவனைப் பார்த்துக் கத்துகிறோம், அவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதால்.

ஞாயிறு நடையை நான் விடவில்லை. கைதட்டலும் இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. இப்போது கோயிலின் சரபேஸ்வரர் தூணோடு நடை முடிவதில்லை; கோயில் தெரு முனை டீக்கடையில் இன்னொரு மணி நேரம் ஓடுகிறது. சுற்றுவட்டாரத்துக்காரர்கள் காகிதங்களோடு வருகிறார்கள், வரலாறு கேட்க வந்த பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொள்கிறார்கள். வருகிறவர்கள் பத்திர நகல், பட்டா, பழைய வரி ரசீது மூன்றையும் கொண்டு வந்தால் போதும். வில்லங்கச் சான்று இப்போதைக்கு வேண்டாம்.