சேற்றுக்குள் இறங்கும் காற்று

குட்டம் என்னும் சொல்லுக்கு ஆழ்ந்த நீர்நிலை என்று பொருள். வைப்பாற்றின் துணையாறான அர்ச்சுனா நதியைத் தேக்கி வைத்திருக்கும் ஆனைக்குட்டத்தின் பெயரிலேயே நீர் இருக்கிறது. மழை குறைந்த விருதுநகர்ச் சீமையில் மக்கள் நீரைத் தெய்வமாகப் போற்றியதில் வியப்பில்லை. அந்நீரில் வாழும் செடிகளும் வணக்கத்திற்குரியவையே.

தாமரைக்குப் ‘பங்கஜம்’ என்று ஒரு பெயர் உண்டு. சேற்றில் பிறந்தது என்பது அதன் பொருள். குளத்தின் அடிச்சேற்றிலோ பிராணவாயு அநேகமாக இல்லை. அங்கே கிழங்கும் வேரும் உயிர் வாழ்வது எங்ஙனம்? விடை அடுக்களையிலேயே இருக்கிறது. வற்றலுக்காகத் தாமரைக்கிழங்கை வட்டமாக நறுக்கினால் துளைகள் தெரியும். அவை வேரை நோக்கிக் காற்று செல்லும் குழாய்கள்.

வெயிலில் இலை சூடேறும்போது வெளிக்காற்று நுண்துளைகளின் வழியே உட்புகுகிறது. உள்ளே அழுத்தம் பெருகவே, காற்று காம்பின் வழியாகக் கிழங்குக்கு இறங்கி, பிறகு வேறு குழாய்களால் மேலேறி வெளியேறுகிறது. 1980ஆம் ஆண்டு ஜான் டேசி என்னும் அறிஞர் மஞ்சள் அல்லியினச் செடி ஒன்றில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஓர் இளம் இலை நாளொன்றுக்கு 22 லிட்டர் வரை காற்றைக் கீழே அனுப்புவதையும், அக்காற்று முதிர்ந்த இலைகளின் வழியே வெளியேறுவதையும் அவர் கண்டறிந்தார்.

வந்த வாயு முழுவதையும் வேர் தனக்கென வைத்துக்கொள்வதில்லை. ஒரு பகுதி சுற்றியுள்ள சேற்றில் கசிந்து, அங்குள்ள நச்சுப் பொருள்களின் வேகத்தைத் தணிக்கிறது. வயலில் நெற்பயிரைப் பிடுங்கினால் வேரில் செம்பழுப்புப் படிவு தென்படுவதுண்டு. வேரிலிருந்து கசிந்த பிராணவாயு பட்டுச் சேற்றின் இரும்பு துருவானதன் அடையாளம் அது.

ஆயினும், தாமரை பூத்திருப்பதாலேயே குளத்து நீரும் நலமாக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. நீருக்கு மேல் நிற்கும் இலைகள் வெளியிடும் பிராணவாயுவில் பெரும்பகுதி வெளிக்காற்றில் கலந்துவிடுகிறது. மீன்களுக்கு வேண்டிய வாயுவை நீரில் சேர்ப்பவை, மூழ்கி வாழும் பாசிகளும் கொடிகளும், நீர்ப்பரப்பைத் தழுவும் காற்றுமே. குளத்தில் எறியப்படும் வாடிய மாலைகள் அழுகும்போது அவ்வாயு செலவாகிறது. செலவு வரவை மிஞ்சினால் மீன்கள் செத்து மிதக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளம் முதல் சிற்றூர்த் தெப்பக்குளம் வரை, அன்பர்கள் செய்யத்தக்க கைங்கரியம் எளியது. நிர்மால்யத்தை நீரில் இடாமல் மரத்தடி மண்ணில் சேர்க்கலாம். அருச்சனைக்குத் தாமரை கொய்யும்போது காம்பை நீர்மட்டத்திற்கு மேலேயே வெட்டலாம். நீருக்குள் வெட்டினால், காற்றுக் குழாயில் நீர் புகுந்து கிழங்கு அழுகக்கூடும். திருமகளின் ஆசனம் வாடாமல் காப்பதும் அவளுக்குச் செய்யும் பூசையே.