வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை

வாலாஜாவுக்கும் வாணியம்பாடிக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்துக்குப் பாலாறும் ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலை 48-உம் ஒன்றையொன்று விட்டும் தொட்டும் போகின்றன. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர் என்று தோல் தொழிலோடு வளர்ந்த ஊர்களெல்லாம் இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. எந்த ஊரையும் யாரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. வரைபடம் போட்டுக் கட்டிய சண்டிகரின் நிலையையும் பார்க்க வேண்டும். கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே 1950-களில் சாலைகளை ஏழு தரமாகப் பிரித்து, 800-க்கு 1,200 மீட்டர் என்ற அளவில் செக்டர்களை அமைத்தார். இரண்டு கட்டங்களாகத் திட்டமிட்ட, மொத்தம் 5 லட்சம் பேருக்கான நகரம் அது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று அங்கேயும் நெரிசல்தான். பாலாற்றுப் பகுதியில் சிக்கல் வேறு. இங்கே போக்குவரத்துக்குத் திட்டம் இருந்தது. ஆனால் அது கடந்து போகிறவர்களுக்காகப் போட்டது, குடியிருப்பவர்களுக்காக அல்ல.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு பாதை மேற்கே நீண்டு ஜோலார்பேட்டையில் சேலத்துக்கும் பெங்களூருக்குமாகப் பிரிந்தது. ஆற்றுநீரும் ஆவாரம்பட்டையும் பக்கத்திலேயே கிடைத்த தோல் பதனிடுவோருக்குச் சென்னைத் துறைமுகமும் எட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனால் பிரதான பாதை வேலூருக்குள் வரவில்லை. ஊர் பாலாற்றின் தென்கரையில், காட்பாடி ஜங்ஷன் வடகரையில். விழுப்புரம் கிளைப் பாதையில் கன்டோன்மென்ட் நிலையம் இருந்தாலும் பெரிய வண்டிகள் நிற்பது காட்பாடியில்தான். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளி, இரண்டு நாள் பயணத்துக்குப் பிறகு, கையில் ரிப்போர்ட் பையுடன் காட்பாடியில் ஆட்டோ பேசி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். விஐடி பல்கலைக்கழக மாணவர்களின் கூட்டமும் காட்பாடிப் பக்கமே. 2022-இல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, ஒரு பாலத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்தது.

வேலூர் 2008-இல் மாநகராட்சி ஆனது. 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிய பேருந்து நிலையம் திரும்பக் கட்டப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டது. கட்டடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்திலுள்ள கிரீன் சர்க்கிளில் காட்பாடிச் சாலை, ஊருக்குள் போகும் வண்டி, சர்வீஸ் ரோட்டில் இறங்கும் வெளியூர் பஸ் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. சத்துவாச்சாரியில் வீட்டுவசதி வாரியம் ஃபேஸ் 1, 2, 3 என்று ஒழுங்காக மனை பிரித்ததுதான் வேலூரில் திட்டமிட்ட நகருக்கு நெருக்கமாக வந்த ஒன்று. அந்தப் பகுதியையும் நெடுஞ்சாலை ஒட்டிப் போகிறது. எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்களுக்கு அது ஆறு வழித்தடமா நான்கு வழித்தடமா என்பதல்ல கவலை, எங்கே கடப்பது என்பதே.

தோல் தொழிலின் மாற்றத்தை ஆம்பூரில் சாலையிலேயே பார்க்கலாம். பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்ய 1970-களிலிருந்து மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததும் தொழில் ஷூவுக்கு நகர்ந்தது. தோல் பதனிடும் ஷாப்புக்கு வேண்டியது தண்ணீரும் கொஞ்சம் ஆண் தொழிலாளிகளும். ஷூ கம்பெனிக்கு ஆற்றோரம் வேண்டாம். ரோட்டோர இடமும், ஷூவின் மேல்பகுதியைத் தைக்கப் பெரும் எண்ணிக்கையில் பெண்களும் வேண்டும். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு செய்யும் தொழில் கூடாது என்று 1989 அரசாணை சொன்னதும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு அபராதம் விதித்ததும் பதனிடும் தொழிலைப் பழைய இடங்களிலேயே, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சுற்றி, இருத்தி வைத்தன. புதிதாக வளர்ந்ததெல்லாம் நெடுஞ்சாலையோரம்.

காலை எட்டு மணிக்கு முன்னால் ஆம்பூர் பைபாஸில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் டிபன் பை, தலையில் பூ. இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் அந்த ஊர்கள் வேலூர் மாவட்டத்தில், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில். ஷிப்டுக்குப் போவதே மாவட்டம் தாண்டிய பயணம். 2021 மே மாதம் முதல் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவி. ஆனாலும் ஷிப்ட் நேரத்தில் கணிசமான சுமையைத் தாங்குவது கம்பெனிகள் அமர்த்திய வண்டிகளே. நகரப் போக்குவரத்தின் ஒரு பகுதியைத் தொழிற்சாலைகள் சத்தமில்லாமல் நடத்துகின்றன. அந்தப் பஸ் வேலைக்காரர்களுக்கு மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சந்தைக்குப் போகிற பாட்டிக்கும் அதில் இடமில்லை.

ஆம்பூரை ரயில் பாதை இரண்டாகப் பிளக்கிறது. அந்தப் பக்கம் ரெட்டித்தோப்பு, பெத்லகேம் பகுதி மக்கள் ஊருக்கு வரத் தண்டவாளத்துக்குக் கீழே ஒரு குகைவழிப் பாதை இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், ஆட்டோ வராது, பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மேலே சென்னை–பெங்களூர் வண்டிகள் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை–மைசூரு வந்தே பாரத்தும் வழியில் காட்பாடியில் நிற்கும், ஆம்பூரில் நிற்காது. அதிகாலையில் ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்டு மாலையில் சென்னையிலிருந்து திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் சென்னை அலுவலக நேரத்துக்குப் பொருந்தும், ஆம்பூர் ஷிப்டுக்கு அல்ல.

இப்போது கட்டப்படும் 262 கிலோமீட்டர் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை ஹொஸ்கோட்டையிலிருந்து பலமனேர், குடிபாலா வழியாக வாலாஜா பக்கம் வந்து ஸ்ரீபெரும்புதூர் போகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி அதன் வழியில் இல்லை. தொலைதூர லாரிகளில் ஒரு பங்கு அங்கே திரும்பினால் பழைய நெடுஞ்சாலைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அந்த இடத்தை சர்வீஸ் ரோட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் சுரங்கப்பாதைக்கும் ஒதுக்குவதா, இன்னும் வேகமாகக் கார் ஓட விடுவதா என்பதை மூன்று மாவட்ட நிர்வாகங்களும் நெடுஞ்சாலை ஆணையமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும்.