பென்டிரைவும் அதன் உடையவரும்

பொருளொன்று கையில் இருத்தலும், அதன்மீது அதிகாரம் இருத்தலும் ஒன்றல்ல என்பதை எமக்கு உணர்த்தியது விரலளவான ஒரு பென்டிரைவேயாம்.

எமது ஊர் எம்.ரெட்டியபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமி. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் இத்தகைய ஊர்களிலும் கணினி புகுந்தது. அவற்றுட் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. எம் வீட்டிற்கும் ஒன்று வந்தது. அதில் லினக்ஸ் வழியே எழுதிய கட்டுரையைப் பென்டிரைவில் ஏற்றி, பேருந்தேறிச் சென்று, சமர்ப்பிக்கும் நாளில் வேறொரு லினக்ஸ் கணினியிற் செருகினோம். கோப்புத் திறந்தது, திருத்திச் சேமிக்க முயன்றபோதோ, அனுமதி இல்லையென மறுத்தது. எழுதிய யாமே அந்நியராயினோம்! கோப்பைக் கணினிக்குள் பிரதி செய்து திருத்தி ஒருவாறு தப்பினோம்.

இதன் காரணம் யாதெனின்: லினக்ஸ், ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர், குழுவினர், பிறர் என மூவகையினரை வகுத்து, படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் உரிமைகளை அளிக்கின்றது. ஆயின் ஈஎக்ஸ்டி4 முறையில் அமைத்த பென்டிரைவில் உடையவரின் பெயர் பதிவதில்லை. 1000, 1001 போன்ற எண்ணே பதிகின்றது. ஆட்டின் காதிலிட்ட குறி, வேற்றூர்க் கிடையில் வேறொருவர் குறியாயிருப்பின் ஆடு யாருடையதாகும்? அவ்வாறே மற்றொரு கணினியில் அவ்வெண்ணைப் பெற்றவரே உடையவராகின்றார். விண்டோஸோ இம்முறையைத் தானாகப் படிப்பதில்லை. புதிதாக வடிவமைக்கவா என்று வினவும். இசைந்தால் உள்ளவற்றை இழப்போம்.

இரண்டிற்கும் பொதுவாக ஏற்றது எக்ஸ்ஃபேட் முறை. ஃபேட்32 முறையும் உதவும்; எனினும் 4 ஜிபி அளவுள்ள தனிக் கோப்பை அது ஏற்காது. இவ்விரண்டிலும் உடையவர் குறிப்பே இல்லை. செருகுபவரையே லினக்ஸ் பெரும்பாலும் உடையவராகக் கொள்ளும். உரிமைக் குறிகள் மாறாது காக்க விரும்புவோர், கோப்புகளை டார் பொதியாகக் கட்டி வைத்தல் தகும்.

நிற்க. பட்டா நகல், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் யாவற்றையும் ஒரே பென்டிரைவில் வைத்து அச்சுக்கடையிற் கொடுப்போர் நம்முள் பலர். உரிமைக் குறி ஒரு பூட்டன்று. செருகும் கணினி மதித்தால் மட்டுமே செல்லும் சொல். தம் கணினியில் நிர்வாகியாயிருப்பவர் அதனை எளிதிற் கடப்பர். மறைக்க வேண்டியவற்றை, இரு இயங்குதளங்களிலும் செயற்படும் வெராகிரிப்ட் போன்ற கருவியால் குறியாக்கம் செய்தலே காவல்.

மாணவ நண்பர்காள்! பகிர வேண்டியதைத் தடையின்றிப் பகிர்மின். காக்க வேண்டியதை மெய்யாகவே பூட்டுமின்.