மட்டராஸியின் டிசம்பர்

திருவண்ணாமலை வேங்கிக்கால் ஏரிப் பக்கம் ஒரு காலி மனையில் சாயங்காலம் பையன்கள் பந்து ஆடுவார்கள். நடைப்பயிற்சிக்குப் போகும்போது நின்று பார்ப்பேன். ஒருநாள் சென்னையின் எஃப்சி கால்பந்து அணி பற்றிப் பேச்சு வந்தது. அதன் பழைய பயிற்சியாளர் மார்கோ மட்டராஸி பேரைச் சொன்னேன்.

“ஜிடான் நெஞ்சுல முட்டினாரே, அந்த ஆளாண்ணா?”

ஆமாம் என்றேன். வீடு வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

2006 ஜூலை 9, பெர்லினில் உலகக் கோப்பை இறுதியாட்டம். 7-வது நிமிடத்தில் ஜிடானின் பெனால்டியால் பிரான்ஸ் முந்தியது. 19-வது நிமிடத்தில் தலையால் அடித்து இத்தாலியைச் சமனுக்குக் கொண்டுவந்தவர் மட்டராஸிதான். பெனால்டி ஷூட்அவுட்டிலும் கோல் போட்டார். கோப்பை இத்தாலிக்குப் போனது. உலகத்துக்கு நினைவிருப்பதோ அவர் விட்ட வார்த்தையும் வாங்கிய முட்டும். அவர் பேசியது தவறு, அதற்கு நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் ஒருவர் கணக்கை அந்த ஒரு நிமிடத்தோடு மூடிவிடுவது அநியாயம்.

அவருடைய அப்பா ஜுசெப்பேயும் ஆடி முடித்துப் பயிற்சியாளர் ஆனவர். இன்டர் மிலானில் பத்து ஆண்டுகள் ஆடிய மகன், முதன்முதலாக ஓர் அணியைப் பொறுப்பேற்றது நம் சென்னையில், 2014-ல். அந்த ஆண்டு தானும் களத்தில் இறங்கினார். லீக் பட்டியலில் அணி முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றது.

2015-தான் என்னைக் கட்டிப்போட்ட ஆண்டு. சீசனின் நடுவில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மேலே வந்தது. அதற்குள் சென்னையில் வெள்ளம். எங்கள் ஊர் மலை உச்சியில் கார்த்திகை தீபம் எரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அங்கே இருந்த தங்கைக்குப் போன் கிடைக்காமல் நாங்கள் தவித்தோம். சென்னை நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டம் புனேக்கு மாறியது. சொந்த ஊர் தண்ணீரில் நிற்க, வெளியூர் மைதானத்தில் கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், இறுதிக்குப் போக அந்த 3-0 போதுமாயிற்று.

டிசம்பர் 20, ஞாயிறு. கோவாவின் ஃபடோர்டா மைதானம். எதிரணியும் கோவாதான், கூட்டம் முழுக்க அவர்கள் பக்கம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியபோது வீட்டில் டிவியை அணைக்கப் போனார்கள், நான் விடவில்லை. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் மேலேயே பட்டுப் பந்து வலைக்குள் போனது. இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா அடித்தார். 3-2. அந்தச் சீசனில் மெண்டோசாவுக்கு அது 13-வது கோல்.

வாழ்நாளெல்லாம் கோல் விழாமல் தடுத்தே பழகியவர் மட்டராஸி. அவர் வளர்த்த அணியோ, தோற்கும் நேரத்திலும் முன்னால் ஓடியது. ஆடுகிறவர் பயிற்சியாளராக மாறிவிட்டார் என்று நான் நம்பியது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

2016-ல் அணி ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 2017 மார்ச்சில் அவர் விலகினார். அந்தச் சரிவையும் மறைக்க வேண்டியதில்லை.

தம்பிகளே, அடுத்த முறை யாராவது மட்டராஸி பேரை எடுத்தால், பெர்லினோடு ஃபடோர்டாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.