டார்ச் கழன்ற துளைகள்

மேசைமேல் விரித்த சாக்கின் மீது ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி கிடந்தது. பன்னிரண்டு போர், பர்மிங்காமில் செய்தது. இரண்டு குழல்களையும் மேலே இணைத்தபடி நீளமாக ஓடும் பட்டையை ரிப் என்கிறார்கள். அந்த ரிப்பில் மூன்று துளைகள், குழல்களுக்கு அடியிலுள்ள மர முன்கட்டையில் ஒன்று. நான்கிலும் திருகு இல்லை.

துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் ஆந்திராவில் வரதய்யபாளையத்துக்கு அருகே மாந்தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும் வைத்திருப்பவர். தாத்தா வாங்கியது, அப்பா வழியாக இவர் பெயருக்கு உரிமம் மாறியிருக்கிறது. பக்கத்து மாநிலமானாலும் ஆயுதத்தோடு எல்லை தாண்ட உரிமத்தில் அனுமதி இருக்க வேண்டும். தமிழ்நாட்டையும் சேர்த்து எழுதி வாங்கிய பிறகே சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கடையின் பின்னறைப் பட்டறையில் பழுதுவேலையை உடனிருந்து பார்க்க எனக்கும் இடம் கொடுத்தார்கள்.

துளைகள் டார்ச்சுக்காகப் போட்டவை. அந்தக் காலத்தில் பகலில் பழவேற்காட்டு ஏரியில் வாத்து வேட்டை, இரவில் மலையடிவாரத்தில் பன்றி வேட்டை. இருட்டில் சுடக் குழலோடு ஒட்டி டார்ச் பொருத்துவார்கள். திருப்பதிக்கு அருகே மாமண்டூர் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளிலும் துப்பாக்கியோடு டார்ச் வரும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது. டார்ச்சைப் பிடித்திருந்த தகடு எப்போதோ கழன்றது. துளைகள் மட்டும் நின்றுவிட்டன.

வெறும் துளைதானே, அழகுக்காகவா அடைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பட்டறைப் பெரியவர் காரணம் சொன்னார். ரிப்புக்கும் குழல்களுக்கும் நடுவே வெற்றிடம் உண்டு. துளை வழியாக ஈரம் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. வேர்வை, மழைத்துளி, ஏரிப் பக்கத்து உப்புக் காற்று எல்லாம் அங்கேயே தங்கும். வெளியே எண்ணெய் பூசித் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்திலிருந்து துரு பிடித்து ரிப்பைத் தாங்கும் ஈயப்பற்றை அரிக்கத் தொடங்கும். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அங்கே துடைப்பார் இல்லாமல் கிடக்கும் நாட்களில்தான் துரு அதிகம் என்பது அவர் அனுபவம். தேர்தல் முடிந்ததும் அவருக்கு வேலை குவிகிறது.

முதலில் துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறைகளிலும் தோட்டா இல்லை என்று பார்த்தார். கொண்டுவந்தவர் பார்த்துவிட்டார், கடைக்காரரும் பார்த்துவிட்டார். "நம்ம கண்ணால பாக்காதது காலி இல்ல தம்பி" என்றார். பிறகு கட்டையையும் குழல்களையும் பிரித்தார். குழல்களை அடிக் கொக்கியில் ஒற்றை விரலால் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப் பிடியால் தட்டினார். வெண்கல மணிபோல் நீண்டு ஒலித்தது. ஒலி மொக்கையாக அடங்கினால் ரிப் எங்கோ பற்று விட்டிருக்கிறது என்று பொருளாம். நடுப்பகுதியில் இன்னொரு தரம் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பற்று விடவில்லை.

அடுத்து மரை. இந்த வேலையின் நுட்பமே இங்கேதான் இருக்கிறது. டார்ச் பொருத்தியவர் உள்ளூரில் கிடைத்த திருகுக்கு ஏற்ப மரை வெட்டியிருப்பார். ஊசியில் பஞ்சு சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துத் துளைகளைச் சுத்தம் செய்தபின் பெரியவர் ஒவ்வொரு துளையின் மரையும் எந்த அளவு என்று பார்த்தார். 4 பிஏ. பிரிட்டிஷ் முறையில் 4 பிஏ திருகின் விட்டம் 3.6 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.66. அமெரிக்கத் துப்பாக்கிகளில் தொலைநோக்கி பொருத்தும் 6-48 திருகின் விட்டம் ஏறக்குறைய 3.5, இடைவெளி 0.53. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். துளை அடைப்பதற்கென்றே பாக்கெட்டில் விற்கும் அமெரிக்கத் திருகை 4 பிஏ துளையில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று பிடிக்கும், பிறகு இறுகும். அதோடு விட்டால் பிழைத்தது. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினால் மரை சிதைந்துவிடும். மூன்றாவது துளையை யாரோ அப்படித்தான் கெடுத்து வைத்திருந்தார்கள்.

பொருந்துகிற திருகைத் தேடி அவர் டப்பாக்களைக் கிளறவில்லை. மெல்லிய இரும்புக் கம்பியை லேத்தில் கடைந்து, டையில் மரை போட்டு, தானே செய்தார். ரிப்பின் கனம் மிகக் குறைவு. இரண்டு மூன்று மரைதான் பிடிமானம். அடைப்பின் அடி கீழே இருக்கிற குழல் சுவரைத் தொடக் கூடாது, மேலே விரலுக்கு இடறவும் கூடாது. திருகி, மட்டம் குறித்து, கழற்றி, வெளியே வைத்து அரம் போட்டு, மறுபடி திருகிப் பார்த்தார். அதே இடத்தில் வைத்து ராவினால் ரிப்பின் மேலுள்ள நுண்வரிகள் போய்விடும். கெட்டுப்போன துளைக்கு மட்டும் அடுத்த அளவில் டேப் போட்டுப் புது மரை வெட்டினார். தேன்மெழுகு தடவி இறுதியாக முறுக்கியபோது, மூன்று திருகுகளின் காடியும் குழலின் நீளவாக்கில் ஒரே கோட்டில் நின்றன. காடியை அழிக்காமல் விடுகிறார், பின்னால் வருகிறவர் கழற்ற விரும்பினால் முடிய வேண்டும் என்று. கடைசியில் நீலக் கறுப்பு ஏற்றும் மருந்தைப் பஞ்சில் தொட்டு வைத்தார்.

முன்கட்டைத் துளைக்கு வேறு கை வேண்டும். உடைந்த பழைய கட்டைகளின் வால்நட் துண்டுகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். நிறம் ஒத்த ஒன்றிலிருந்து முளை சீவினார். மரத்தின் வரியோட்டம் கட்டையோடு சேரும்படி திருப்பி, வச்சிரம் தொட்டு இறக்கினார். காய்ந்ததும் சீவி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் ஏற்ற வேண்டும். அதைப் பார்க்க நான் மறுநாளும் போனேன். துளை இருந்த இடத்தை நான் தேட வேண்டியிருந்தது.

வெல்டிங் பட்டறையில் ஒரு பொட்டு வைத்தால் முடிகிற வேலை என்று ஊரில் சொன்னார்களாம். இதைக் கேட்டதும் பெரியவர் முகம் மாறிவிட்டது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெல்டிங் சூட்டில் ரிப் கழன்றுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து குழலுக்கு. சாதாரணப் பன்னிரண்டு போர் தோட்டா வெடிக்கும்போது இன்றைய ஐரோப்பியத் தரத்தின்படி 740 பார் வரை அழுத்தம் எழலாம். அதைத் தாங்குவது அந்த மெல்லிய எஃகுச் சுவர் ஒன்றுதான். 1813 முதல் இயங்கும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இந்தக் குழல்களின் அடியில் இருக்கிறது. கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்த பின் குத்தியது அது. சூடு காட்டிய குழலுக்கு அந்த முத்திரை பேசாது. ரிப்பில் இல்லாமல் குழலிலேயே துளை போட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அதை அவர் அடைப்பதில்லை. இனி இதில் தோட்டா போடாதீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். வருமானத்தை விட்டுக்கொடுத்து அவர் சொல்லும் அந்த மறுப்பைத்தான் நான் அவருடைய தொழில் திறமையில் முதலாவதாக வைப்பேன்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் போலவே பழுது பார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. கேட்பது சரிதான். ஆனால் உரிமம் வைத்திருக்கும் பட்டறைகளில் வேலை கற்க இளைஞர் வருவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பழைய துப்பாக்கிகள் கைமாறுவதும் ஒப்படைக்கப்படுவதும் கூடியிருக்கிறது. இருக்கிறவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளோ குறைகின்றன. வரதய்யபாளையத்துக்கு அருகே ஸ்ரீசிட்டி ஆலைகளில் லேத்தும் அரமும் பழகிய ஐடிஐ பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஓரிருவரை முறையான சரிபார்ப்போடு இத்தகைய பட்டறைகளில் பயிற்சிக்கு அமர்த்த அரசு வழி செய்யலாம். பெரியவர் கற்றுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

தோப்புக்காரர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். அவர் கொல்லையில் பன்றித் தொல்லை இருக்கிறது. ஆனாலும் வனத்துறை அனுமதியில்லாமல் பன்றியைச் சுடச் சட்டம் இடம் தருவதில்லை, அவர் சுட்டதும் இல்லை. "தாத்தா பொருள் அண்ணா, துருப்பிடிச்சு போகக் கூடாது" என்றார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் உரிமத்தோடு ஒரு பழைய துப்பாக்கி இருந்தால், அதில் திருகில்லாத துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மெழுகோ எம்-சீலோ வைத்து மூடாதீர்கள், வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, அடைத்த திருகின் அடி எங்கே நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.