ஒரு சொல்லுக்குக் காத்திருத்தல்

என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், பேச்சிப்பாறை அணையில் மதகு திறந்து மூடும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். வாய் ஓயாத மனிதர். எனக்குக் கதைப் பைத்தியம் பிடித்ததே அவரால்தான். ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. தளர்ந்துபோன வலது கையும் காலும் ஓரளவு தேறின. பேச்சு தேறவில்லை. மிஞ்சியது ஒரே சொல்: 'வேண்டாம்.'

காபி கொண்டுபோனால் 'வேண்டாம்' என்பார். கொண்டுபோனவர் திருப்பி எடுத்து வந்துவிடுவார். அண்ணன் கட்டிலை ஓங்கி அடிப்பார். புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். மைனிதான் கண்டுகொண்டாள்: வாய் 'வேண்டாம்' என்கிறபோதே இடது கை டம்ளருக்கு நீள்கிறது!

வைத்தியத்தில் இதற்கு அஃபேசியா என்று பெயர். 1861-ல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஒலியைத் தவிர அநேகமாக எதுவும் சொல்ல முடியாத நோயாளி ஒருவரைப் பார்த்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. இறந்த பின் பரிசோதித்ததில், மூளையின் இடப்பக்க முன்பகுதி பழுதாகியிருந்தது. இந்த நோயில் பல வகை உண்டு. பிறர் பேச்சே விளங்காமல் போவதும் உண்டு. அண்ணனுக்கு எல்லாம் விளங்குகிறது. சொல் வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

வாரம் ஒரு முறை மைனி அவரை பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு ஸ்பீச் தெரபிக்கு அழைத்துப் போகிறாள். அங்கே ஒரு பெண் படத்தைக் காட்டி, முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிறாள். தனியாக 'ஏழு' சொல்ல வராதவர், ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால் ஏழைத் தாண்டிப் போய்விடுகிறார். பேச்சில் வராத சொல் பாட்டில் வருகிறது. இப்படி ஒரு வருஷத்தில் பத்திருபது சொற்கள் சேர்ந்திருந்தன.

சென்ற மாதம் போயிருந்தேன். மாலையில் அணைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அண்ணன் எதையோ சுட்டிக் காட்டி, "மூ... மூ..." என்றார்.

"மூங்கிலா?"

தலையை உதறினார்.

"மூச்சு முட்டுகிறதா?"

சொல் விற்றுப் பிழைக்கிறவன் அல்லவா? சும்மா இருக்க முடியவில்லை. அவர் முகம் சிவந்தது. இடது கையால் என் வாயைப் பொத்தினார்.

"நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க தம்பி. அவிய சொல்லட்டும்" என்றாள் மைனி.

காத்திருந்தேன். ஒரு நிமிஷம்தான் இருக்கும். ஒரு மனிதருக்காக நான் அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்ததாக ஞாபகமில்லை.

"மூக்கன் துரை."

அணையைக் கட்டிய என்ஜினீயர் மிஞ்சினுக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. 1906-ல் அணை முடிந்தது. 1913-ல் இறந்த துரையின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் அண்ணன் எனக்குச் சொன்ன முதல் கதை அவருடையது.

இருட்டியதும் எழுந்தேன். "புறப்படட்டுமா அண்ணே?"

"வேண்டாம்."

பழக்கப்படி கையைப் பார்த்தேன். அது என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வாயும் கையும் ஒன்றையே சொல்லின. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன்.